அம்புலன்ஸ் வரும் வரையும் வந்த பிறகும்: அவசர சிகிச்சையும் அதற்கான படிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் முதலுதவி வகுப்புகளையும் அவசர சிகிச்சை வகுப்புகளையும் தமிழில் நடத்தும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. உயர்தரம் முடித்த பிள்ளைகள் கேட்டவை, அவர்களுடைய பெற்றார் கேட்டவை, வீட்டில் வயதானவர்களை வைத்துப் பார்ப்பவர்கள் கேட்டவை எல்லாம் கலந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஈ.எம்.டி. என்பவருக்கும் பராமெடிக் என்பவருக்கும் என்ன வித்தியாசம்?

படிப்பின் அளவும் செய்ய அனுமதிக்கப்பட்ட சிகிச்சையின் அளவும்தான். ஈ.எம்.டி. (அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்) அடிப்படை அவசர சிகிச்சை செய்வார்: மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, ஒட்சிசன் கொடுப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது), எலும்பு முறிவை அசையாமல் கட்டுவது, பிரசவத்துக்கு உதவுவது. பராமெடிக் அதற்கு மேலே போய் ஈ.சி.ஜி. வாசிப்பார், நாளத்தில் மருந்து ஏற்றுவார், தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவார். எந்த நாட்டில் யார் எதைச் செய்யலாம் என்பது அந்த நாட்டுச் சட்டத்தையும் சேவையின் விதிகளையும் பொறுத்தது.

இலங்கையில் பராமெடிக்கல் என்று சொன்னால் கதிரியக்கப் படம் எடுப்பவர், ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர், மருந்தாளர், இயன்மருத்துவர் ஆகியோரையும் நினைப்பார்கள். அவை வேறு தொழில்கள், வேறு படிப்புகள். விண்ணப்பம் போடுமுன் எதற்குப் போடுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியை ஏற்றிக்கொண்டு வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் போதாதா? வழியில் என்ன பெரிய சிகிச்சை?

இதயம் திடீரென நின்றவரை எடுத்துக்கொள்வோம். மூளைக்கு ஒட்சிசன் போகாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் பாதிப்புத் தொடங்கிவிடும். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோனவருக்கு, யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் வரை குறைகிறது. மாலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகப் பெரியாஸ்பத்திரிக்கு (தேசிய வைத்தியசாலைக்கு) போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவரைக் காப்பாற்றுவதென்றால் அவர் விழுந்த தரையிலேயே வேலை தொடங்க வேண்டும்.

தொடையில் பெரிய நாளம் வெட்டுப்பட்டவரின் நிலையும் அப்படித்தான். சில நிமிடங்களுக்குள் உயிர் போகும் அளவுக்கு இரத்தம் வெளியேறலாம். காயத்தின் மேல் இரண்டு கைகளாலும் முழுப் பலத்தோடு அழுத்தத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், கொஞ்ச நேரம் கழித்து அறுவைச் சிகிச்சை செய்ய ஒரு நோயாளி மிஞ்சியிருப்பார்.

அம்புலன்ஸ் என்றால் ஆளைக் காவிச் செல்லும் வண்டி என்று உலகமே நீண்ட காலம் நினைத்திருந்தது. 1966இல் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய வைத்தியர், தாறுமாறான இதயத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் மின்னதிர்ச்சிக் கருவியை வண்டியில் ஏற்றி, மாரடைப்பு வந்தவரின் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினார். 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் அம்புலன்ஸ் சேவை பிறந்தது. அதுவரை அங்கே நோயாளிகளை ஏற்றியது பொலிஸ் வண்டியும், பிணம் ஏற்றும் வண்டியும். வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களை எடுத்து, பீட்டர் சாஃபர் என்ற வைத்தியர் முறையாகப் பயிற்றுவித்தார். பின்னால் நான்சி கரோலைன் என்ற வைத்தியர் அவர்களோடு வேலை செய்தபடி எழுதிய பாடத்திட்டம்தான் அமெரிக்காவின் பராமெடிக் படிப்புக்கு அடித்தளம் ஆனது. இதை ஒவ்வொரு புதிய வகுப்பிலும் சொல்கிறேன். உயர்தரப் பெறுபேறு எதிர்பார்த்தபடி வராமல், இனி என்ன என்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1990 என்பது அரசாங்க அம்புலன்ஸா? பணம் கட்ட வேண்டுமா?

பணம் கட்டத் தேவையில்லை. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய இலவசச் சேவை. இந்திய அரசின் நன்கொடையோடு 2016 ஜூலை 28 அன்று மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்து, மொத்தம் 297 வண்டிகள் ஆயின. அதே 2018இல் இதற்கென ஒரு மன்றத்தை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது. வண்டியில் ஒரு ஈ.எம்.டி.யும் ஒரு சாரதியும் வருவார்கள். சாரதியைப் பைலட் என்று அழைப்பார்கள்.

இந்தியாவில் 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவையின் மாதிரிதான் இது. தமிழ்நாட்டில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு 108 என்றால் உடனே புரியும்.

தீ அல்லது இடிபாடு என்றால் 110, பொலிஸ் 119. இந்த மூன்று இலக்கங்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

அழைக்கும்போது முதலில் எதைச் சொல்ல வேண்டும்? தமிழில் பேசலாமா?

தமிழில் பேசலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள். நோயைச் சொல்லத் தொடங்கி, அழுது, தொலைபேசி இடையில் துண்டிக்கப்பட்டால் வண்டி எங்கே வரும்? இடம் தெரிந்துவிட்டால் மீதி தெரியாவிட்டாலும் வண்டி புறப்படலாம்.

கொழும்பில் இடம் சொல்வதே ஒரு கலை. வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கைக்கு ஒரு முனை காலி வீதியில், மறு முனை மரைன் டிரைவில். எந்த முனையால் வந்தால் வண்டி உள்ளே வரும் என்பதைச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் உள்ள தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் வண்டியே வராது. எந்த வாசலில் ஆள் காத்திருப்பார் என்று சொல்லி, ஒருவரை உடனே அங்கே அனுப்புங்கள். மாடி வீடு என்றால் எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, அதற்குள் ஸ்ட்ரெச்சர் கொள்ளுமா என்பதையும் சொல்லுங்கள். பல பழைய தொடர்மாடிகளில் கொள்ளாது. அது முன்பே தெரிந்தால் நோயாளியை எப்படி இறக்குவது என்று வரும்போதே யோசித்துக்கொண்டு வருவார்கள்.

அப்புறம், அவர்கள் வைக்கச் சொல்லும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள். "இவ்வளவு கேள்வி ஏன் கேட்கிறார்கள், வண்டியை அனுப்பாமல்?" என்று கோபப்படுவார்கள். நல்ல கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பும் ஏற்பாடு நடந்துவிடும். கேள்விகளுக்கு வரும் பதிலை வைத்துத்தான் நெஞ்சை அழுத்தச் சொல்வதா, புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வதா என்று முடிவெடுப்பார்கள்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினால் சீக்கிரம் போய்விடலாமே?

இதற்கு ஒரேயடியாக இல்லை என்று சொல்ல மாட்டேன். கை முறிந்தவர், நன்றாகப் பேசுகிறவர், வண்டி வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்கள் என்றால் ஆட்டோவில் போகலாம்.

ஆனால் மயங்கி மூச்சில்லாமல் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றவே கூடாது. ஆட்டோவுக்குள் நெஞ்சை அழுத்த முடியாது. மடித்து உட்கார வைத்தால் தலை முன்னால் சரிந்து, மிஞ்சியிருக்கும் மூச்சுப்பாதையும் அடைபடும். பத்து நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அந்தப் பத்து நிமிடமும் மூளைக்கு இரத்தமே போயிருக்காது. உயரத்திலிருந்து விழுந்தவரையும் மோட்டார் சைக்கிள் விபத்தில் தூக்கியெறியப்பட்டவரையும் கை, காலைப் பிடித்துத் தூக்கி முறுக்கி ஆட்டோவில் திணிப்பதும் அப்படித்தான். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு திணிப்பில் வாழ்நாள் முழுக்கக் கை கால் வராமல் போகலாம். தீப்பிடிப்பது போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் இழுத்து வெளியே எடுங்கள்.

பயிற்சியில் உண்மையில் என்ன கற்றுக்கொடுப்பார்கள்?

உடலமைப்பு, உடல் இயங்கும் விதம், மருந்துகள், சட்டம், பதிவேடு எல்லாம் உண்டு. ஆனால் படிப்பின் உயிர் செய்முறையில் இருக்கிறது. அதனால் இரண்டை மட்டும் கொஞ்சம் கிட்ட இருந்து காட்டுகிறேன்.

முதலாவது நெஞ்சை அழுத்துவது. புத்தகத்தில் ஒரு பந்திதான்: நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, உள்ளங்கையின் அடிப்பகுதி, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பயிற்சிப் பொம்மையின் முன்னால் முழங்காலிட வைத்தால்தான் பிள்ளைகளுக்கு விஷயம் புரிகிறது. முதல் அரை நிமிடம் அழகாகப் போகும். பிறகு முழங்கை மடியத் தொடங்கும், அழுத்தம் தோளிலிருந்து வராமல் கையிலிருந்து வரும், ஆழம் குறையும். அதைவிட நுணுக்கமான பிழை ஒன்று உண்டு. களைப்பில் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்பினால்தான் இதயத்துக்குள் இரத்தம் திரும்ப நிரம்பும். நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. களைப்பாக இல்லை என்று சொல்பவரும் மாறியே ஆக வேண்டும், ஏனென்றால் ஆழம் குறைவது அழுத்துபவருக்குத் தெரியாது.

இரண்டாவது அம்பு பேக். முகமூடியை முகத்தில் வைத்துப் பையை அமுக்குவது, பார்க்க மிக எளிது. ஒரு கையால் முகமூடியை அழுத்தி, அதே கையின் மற்ற விரல்களால் தாடை எலும்பை மேலே தூக்கி, மறு கையால் பையை அமுக்க வேண்டும். புதியவர்கள் முகமூடியை முகத்துக்குள் தள்ளுவார்கள். முகத்தைத்தான் முகமூடிக்குள் தூக்க வேண்டும். தள்ளினால் தாடை பின்னால் போய் நாக்கு தொண்டையை அடைக்கும், காற்று ஓரத்தால் கசியும். தாடியுள்ளவர், பல் இல்லாத முதியவர் என்றால் இன்னும் கஷ்டம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றவர் பையை அமுக்குவதுதான் நல்லது. நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்குக் காற்று போதும். பயத்தில் வேகமாகவும் பலமாகவும் அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

இவை இரண்டும் கைக்கு வராமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

நேரில் போய் நோயாளியைப் பார்த்தவுடன் எங்கிருந்து தொடங்குவார்கள்?

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொட்டு இரண்டாவது நோயாளி ஆகிவிடக் கூடாது. பிறகு கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு நிலை என்று இந்த ஒழுங்கில் பார்ப்பார்கள். பயங்கரமாகத் தெரியும் காயத்துக்குக் கண் ஓடும். பக்கத்தில் சத்தமே போடாமல் கிடப்பவர்தான் பல நேரம் ஆபத்தில் இருப்பவர்.

உணர்வு குழம்பிய எவருக்கும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்காமல் விடக் கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் பக்கவாதம் போலவே தோன்றும், சிலர் குடிபோதையில் இருப்பவர் போலவும் நடந்துகொள்வார்கள். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சில விநாடிகளில் விடை கிடைக்கும்.

நெஞ்சு வலி வந்தால் கேஸ்ட்ரைட்டிஸா மாரடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்து தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் அழைக்கச் சொல்கிறேன். நம் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ் என்று ஒரு குளிசையைப் போட்டு, ஓமத் தண்ணீர் குடித்து, விடியும் வரை பார்ப்போம். நாற்பது தாண்டியவருக்கு, நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவருக்கு, நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தி, வியர்த்துக் கொட்டி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் மாரடைப்பு என்றே எடுத்து நடக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களிலும் வயதான பெண்களிலும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவர்களுக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். தொலைபேசியில் இருப்பவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பக்கவாதத்துக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க ஏலாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதி வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். வைத்தியசாலையில் முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான்.

வீட்டில் அதிகம் நடக்கும் பிழைகள் எவை?

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது. இரண்டும் வேண்டாம். அடிபடாமல் சுற்றியுள்ள பொருட்களை அகற்றி, வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990ஐ அழையுங்கள்.

சுட்ட புண்ணில் பற்பசை, எண்ணெய் பூசுவதும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள்.

மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் பெரிய ஆபத்து. தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

விட்டு விட்டு, குறட்டை போல ஒரு மூச்சு இழுப்பதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்து அழுத்தத் தொடங்குங்கள்.

எவ்வளவு காலம் படிக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஈ.எம்.டி. அடிப்படைப் படிப்பு சில மாதங்கள், பராமெடிக் படிப்பு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு வருடங்கள். இங்கிலாந்தில் 2021 செப்டெம்பரிலிருந்து பராமெடிக்காகப் பதிவு பெறுவதற்கான படிப்புகள் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து பராமெடிக் என்பது தேசிய அளவில் பதிவு செய்யப்பட்ட தொழில். பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. இலங்கையும் அந்தத் திசையில் போக வேண்டும் என்று விரும்புகிறேன். பதிவு இருந்தால்தான் படிப்பின் தரம் நிலைக்கும், தொழிலுக்கு ஏணியும் வரும்.

கொழும்பில் படிப்பு ஒன்றைத் தெரிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அழகான விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கட்டாதீர்கள். நிறுவனமும் அந்தப் படிப்பும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் உண்டா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று பாருங்கள். பிறகு நேரில் போய் வகுப்பறையைப் பாருங்கள். எத்தனை மாணவருக்கு எத்தனை பொம்மை? அம்புலன்ஸிலும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் எத்தனை மணித்தியாலம் நிற்க வைப்பார்கள்? கற்பிப்பவர் களத்தில் வேலை செய்தவரா? செய்முறை நேரத்தைப் பற்றி நேராகப் பதில் சொல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

சும்மா தொட்டுப் பார்க்க விரும்பினால் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பிலோ முதலுதவி கற்றுப் பாருங்கள். இரத்தம் பார்த்தால் தலை சுற்றுமா, ஆட்களோடு பேச வருமா என்பதெல்லாம் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் படித்தவர்கள் இதில் ஈடுபட முடியுமா? சிங்களம் வேண்டுமே?

முடியும். சிங்களமும் வேண்டும், கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும். கொழும்பில் ஒரே வேலை நேரத்தில் மருதானையில் ஒரு நோயாளி, பொரளையில் ஒரு நோயாளி, புறக்கோட்டையில் ஒரு நோயாளி என்று வரும். மூன்று மொழியிலும் "எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன மருந்து குடிக்கிறீர்கள், எதற்காவது ஒவ்வாமை உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்" என்று கேட்டுப் பதிலை விளங்கிக்கொள்ள முடிந்தால் போதும். இதை மேடைப் பேச்சு அளவுக்குப் படிக்கத் தேவையில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பதற்றத்தில் மனிதர் தாய்மொழிக்கே திரும்புவார். நல்ல சிங்களம் பேசும் கொட்டாஞ்சேனைத் தாத்தாவும் வலியில் தமிழில்தான் சொல்வார். "மூச்சு எடுக்க ஏலாம இருக்கு" என்பதும், "நெஞ்சு அடைக்குது" என்பதும், "கை விறைக்குது" என்பதும் மூன்று வேறு நோய்களுக்கு வழி காட்டுபவை. இடையில் நிற்கும் பேரன் அவசரத்தில் மூன்றையும் "சுகமில்லையாம்" என்று மொழிபெயர்த்துவிட்டால் நோயறியும் வழி அடைபட்டுவிடும். அதனால் தமிழ் பேசும் ஈ.எம்.டி.கள் கொழும்பில் வேண்டும், சிங்களம் பேசும் ஈ.எம்.டி.களும் இந்த வாக்கியங்களைத் தமிழில் கற்க வேண்டும். பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்த்துப் பரீட்சையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலையா?

ஆம். பிரசவமோ பெண் நோயாளியோ என்றால் ஒரு பெண் ஈ.எம்.டி. வந்ததும் வீடே அமைதியாகிறது. பாரம் தூக்குவதற்குப் பலத்தைவிட முறை முக்கியம். முதுகை வளைக்காமல் காலால் தூக்கவும், மாடிப்படியில் நாற்காலி ஸ்ட்ரெச்சரை இருவர் ஒரே எண்ணிக்கையில் இறக்கவும் பழக்குகிறோம். இரவு வேலை உண்டு என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சான்றிதழ் எடுத்தாயிற்று. அதோடு முடிந்ததா?

இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது. சி.பி.ஆர். திறமை, பயிற்சி இல்லாமல் விட்டால் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே மங்கத் தொடங்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் புதுப்பித்தல் வகுப்பு வைத்தால் அந்த இடைவெளியை அது நிரப்பாது. வேலை தொடங்குமுன் பொம்மையோடு சில நிமிடம், மாதத்தில் சில தடவை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி செய்வதுதான் கையில் நிற்கும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பொம்மையும் வேலை அட்டவணையில் கொஞ்ச நேரமும் போதும்.

அதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது பின்னூட்டம். ஒரு ஈ.எம்.டி. நெஞ்சு வலிக்காரர் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓடுகிறார். நோயாளிக்கு உண்மையில் மாரடைப்பா, பிழைத்தாரா என்று ஈ.எம்.டி.க்குத் தெரியவே வராது. தன் ஊகம் சரியா பிழையா என்று தெரியாமல் ஆயிரம் நோயாளிகளைப் பார்த்தாலும் அனுபவம் சேர்கிறதே தவிர அறிவு சேர்வதில்லை. வைத்தியசாலை ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது, பெயர்களை நீக்கிவிட்டு, "நீங்கள் கொண்டுவந்தவர்களில் இவருக்கு இது, அவருக்கு அது" என்று ஒரு மணித்தியாலம் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதும். குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டமாக அது மாறினால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அதை நடத்தும் வைத்தியர் அந்தக் குணம் உள்ளவராக இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

அரை நிமிடம், ஆறு விஷயம்: வயது, நடந்த நேரம், நடந்த விதம், கண்ட காயம் அல்லது நோய், அளவுகள், கொடுத்த சிகிச்சை. "ஐம்பத்தாறு வயது ஆண், முக்கால் மணித்தியாலத்துக்கு முன் படியில் விழுந்தவர், இடது தொடை முறிந்திருக்கிறது, நாடித் துடிப்பு 118, இரத்த அழுத்தம் 96க்கு 60, கட்டி அசையாமல் வைத்து ஒட்சிசன் கொடுத்தோம்." இதை நின்ற இடத்தில், கட்டிலுக்கு மாற்றுமுன், எல்லோரும் கை நிறுத்திக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்ல நான்கு பேர் இழுக்கும் இடத்தில் பாதி விஷயம் காற்றில் போய்விடும்.

சேவையை மேம்படுத்தப் பணம் கிடைத்தால் எங்கே முதலில் போட வேண்டும்?

விலையுயர்ந்த கருவிகளிலும் மருந்துகளிலும் என்று பலர் சொல்வார்கள். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளியானது. விரைவாக மின்னதிர்ச்சி கொடுக்கும் சேவை ஏற்கெனவே இருந்த இடத்தில், குழாய் செலுத்துவதும் மருந்து ஏற்றுவதும் சேர்ந்த பிறகு, இதயம் நின்றவர்களில் பிழைத்தவர்களின் வீதம் உயரவில்லை. பார்த்தவர் உடனே சி.பி.ஆர். தொடங்கியதும், சீக்கிரம் மின்னதிர்ச்சி கிடைத்ததும்தான் பெரிய வித்தியாசம் செய்தன. இங்கிலாந்தில் இதயம் நின்ற எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அட்ரினலின் என்ற மருந்து கொடுத்தவர்களில் 30 நாள் பிழைத்தவர்கள் 3.2 வீதம், கொடுக்காதவர்களில் 2.4 வீதம். ஆனால் மூளை நல்ல நிலையில் இருக்க மீண்டவர்களின் அளவில் தெளிவான வித்தியாசம் இல்லை.

அதனால் என் வரிசை இதுதான். முதலில் பாடசாலைகளில் சி.பி.ஆர். பழக்குவது. பிறகு கோட்டை ரயில் நிலையம், புறக்கோட்டை பஸ் நிலையம், பெரிய கோயில், பள்ளிவாசல், அங்காடித் தொகுதி போன்ற இடங்களில் ஏ.ஈ.டி. (யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி) வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அங்குள்ள காவலாளிக்கும் கடைக்காரருக்கும் காட்டி வைப்பது. மூன்றாவது, அழைப்பவருக்குத் தொலைபேசியிலேயே நெஞ்சை அழுத்த வழிகாட்டும் பயிற்சி. நான்காவது, ஈ.எம்.டி.களின் தொடர் பயிற்சியும் பதிவேடும். கருவிகள் அதற்குப் பிறகு.

வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதை மட்டும் அளந்துகொண்டிருப்பதும் போதாது. வந்த பிறகு சர்க்கரை பார்த்தார்களா, பக்கவாதம் என்று கண்டுகொண்டார்களா, வலிக்கு ஏதாவது செய்தார்களா என்பதையும் எழுதி எண்ண வேண்டும்.

குண்டுவெடிப்பு, சுனாமி போன்ற நேரத்தில் என்ன வேறுபடும்?

2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தையும் ஹோட்டல்களையும் கொழும்பு மறக்காது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் காயப்பட்டால், அதிகம் சத்தமிடுபவரை முதலில் ஏற்றக் கூடாது. நடக்க முடிந்தவர்களை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, மற்றவர்களின் மூச்சு, நாடி, சொன்னதைச் செய்ய முடிகிறதா என்பதை விரைவாகப் பார்த்து, சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (சற்றுப் பொறுக்கக்கூடியவர்), பச்சை (இலேசான காயம்), கறுப்பு (இறந்தவர் அல்லது காப்பாற்ற முடியாதவர்) என்று நிற அட்டை கட்டிப் பிரிப்பார்கள். கறுப்பு அட்டை கட்டுவதுதான் இந்தத் தொழிலிலேயே கொடுமையான முடிவு. அதை முன்பே ஒத்திகையில் பழகாதவர் அந்த இடத்தில் செய்ய முடியாது. எல்லோரையும் ஒரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் குவிக்காமல் பிரித்து அனுப்புவதற்குக் களத்தில் பொறுப்பாக ஒருவர் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு மனம் தாங்குமா?

எல்லா நாளும் தாங்காது. குழந்தை இறந்த அழைப்புக்குப் பிறகு உடனே அடுத்த அழைப்புக்கு அனுப்பாமல், கொஞ்ச நேரம் இருந்து பேச விட வேண்டும். தூக்கம் வராமல், அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். அப்படி அழைத்ததற்காக வேலையிடத்தில் யாரையும் குறைவாகப் பார்க்கக் கூடாது.

இங்கே ஈ.எம்.டி. முடித்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பதிவுக்கு அவர்கள் ஏற்கும் படிப்பும், ஆங்கில மொழித் தேர்ச்சியும் வேண்டும். இங்குள்ள அடிப்படைச் சான்றிதழ் அதற்குச் சமமாகாது. இங்கே சில வருடம் களத்தில் நின்ற அனுபவம், பின்னால் அங்கே பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். ஒவ்வொரு வேலை நாளின் பதிவையும், பயிற்சிச் சான்றிதழ்களையும், பொறுப்பு வைத்தியரின் கையொப்பத்தோடு முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.